ஆள் இறங்கிய எடை

பதினெட்டு வருஷமாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லாரிகளுக்குப் பாரம் ஒதுக்குகிறவன் நான். எந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என வீட்டில் பீற்றிக்கொள்வேன். அதை நம்பித்தான் மனைவி தன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, டிபன் கடைக்கு ஒரு டிரெய்லர் கட்டச் சொன்னாள். "நம்ம பிக்கப் தாங்குமா?" என்று மட்டும் கேட்டாள். "தாராளமா" என்றேன்.

பின்னால் கொக்கியில் மாட்டுகிற ரகம் இல்லை அது. அதன் கழுத்து பிக்கப்பின் முதுகில் ஏறி, பெரிய லாரிகளில் போல ஒரு தட்டில் பூட்டிக்கொள்ளும். பிக்கப் இழுக்கவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். தன் எடையும் சேர்த்து மூவாயிரம் கிலோதான் அதற்கு அனுமதி.

கடை திறக்கும் நாள். மாலை ஷிப்ட் விடும்போது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், எங்கள் தொழிற்சாலைப் பக்கம் நிற்க வேண்டும். எங்கள் ஊரான ராயக்கோட்டையிலேயே, தக்காளி மண்டிப் பக்கத்து எடைமேடையில், டிரெய்லரைப் பூட்டியபடியே பிக்கப்பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன். "ஆளெல்லாம் இறங்கிக்கங்க" என்றார் எடை போடுகிறவர். தக்காளி வண்டிகளுக்கு அதுதான் வழக்கம், சரக்குக்கு மட்டும்தான் எடை. நான், மனைவி, அவள் தங்கைகள் இருவர், நால்வரும் சமர்த்தாக இறங்கினோம். இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பது.

"பாத்தியா? நூத்தியெழுபது கிலோ மிச்சம்!" என்றேன்.

"ஏங்க, ஓசூர் வரைக்கும் நாங்க நடந்தா வரப் போறோம்?"

எனக்கு வேர்த்துவிட்டது. பதினெட்டு வருஷம்! எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். மூவாயிரத்துத் தொண்ணூறு.

தண்ணீர்த் தொட்டியை இறக்க முடியாது, கடை போடும் இடத்தில் குழாய் கிடையாது. மாவுப் பானைகளைப் பின்னுக்குத் தள்ளினால் பிக்கப்பின் மேல் பாரம் குறையும், ஆனால் போகும் வழியெல்லாம் டிரெய்லர் வாலாட்டும். தங்கைகள் இல்லாமல் சட்னி இல்லை. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எத்தனை கிலோ?"

"தொண்ணூத்தி நாலு."

சாவியை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் ஓட்டிக்கொண்டு போய் நடுநாயகமாக இறங்க வேண்டும் என்று புதுச்சட்டை வேறு போட்டிருந்தேன். கோபம் வந்தது, ரோஷம் வந்தது. ஆனால் மண்டி முனையில் அவள் டிரெய்லரைத் திருப்பிய அழகைப் பார்த்தபோது பெருமையாகவும் இருந்தது. அவ்வளவு சுத்தமாக நான் திருப்பியிருக்க மாட்டேன்.

ஓசூர் பஸ் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது டிரெய்லரைச் சுற்றி எங்கள் தொழிற்சாலைச் சட்டைகளாகவே தெரிந்தன. "என்னா சார், வண்டில வரலையா?" என்று ஒருவன் கேட்க, "ஓவர்லோடுன்னு இறக்கி உட்டுட்டேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்துக்குள் புகுந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன்.

ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மனைவி கடைசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எங்க போறீங்க? மாவும் தீந்துருச்சு, தண்ணியும் தீந்துருச்சு. இப்ப நீங்களும் ஏறலாம்."