கோடு கீழே போகக் கூடாதாம்!

எண்களை ஓடவைத்துப் படம் காட்டுவது என் தொழில். கேட்பதற்குச் சொகுசாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். ஒருவர் எக்செல் கோப்பு ஒன்றை அனுப்புவார். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த லைப்ரரி, அதாவது ரெடிமேட் கட்டளைத் தொகுப்பு, ஒன்று இருக்கிறது. அதை வைத்து அந்த எண்களைக் கோடாகவோ கட்டையாகவோ புள்ளியாகவோ மாற்றி, வருடம் ஓட ஓட அவையும் ஓடுகிற மாதிரி வீடியோ எடுத்துக் கொடுப்பேன். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். இவ்வளவுதான் என் கம்பெனி.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், டைலர், ஃப்ளெக்ஸ் அடிப்பவர் என்று வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே பிழைக்கிறவர்கள் எல்லோரும் என் கட்சி. "கொஞ்சம் செவப்பாக்கிக் குடுங்க" என்று உங்களிடம் கேட்பார்கள். என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கோடு கீழே போகக் கூடாது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இன்னும் ரத்தக் கொதிப்பு வராதது பெரிய ஆச்சரியம். அதிலும் கடைசியாகக் கேட்ட ஆள், பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஸ்டெல்லாவின் ஊர்த் தண்ணீரிலேயே கை வைத்தார். அந்த ஊருக்குத் தண்ணீர் மிஞ்சுமா மிஞ்சாதா என்ற கேள்வி நான் செய்த படத்தில் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்குக் கோபம் வரிசையாகத்தான் வரும். முதலில் மற்றவர்களை முடித்துவிடுகிறேன்.

முயல் வராத படம்

என் போர்டில் 'அனிமேஷன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் மாடியேறி வந்தார். மகளுக்குக் காது குத்துகிறார்களாம். பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், மகள் பெயர் வரும்போது ஒரு முயல் குதிக்க வேண்டும். "அண்ணா, நான் பொம்மைப் படம் பண்றதில்ல, கணக்குப் படம் பண்றேன்" என்றேன். அவர் நம்பவில்லை. சரி என்று பழைய வேலை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மழை அளவு, மாதா மாதம் கோடு ஏறி இறங்கும். நான் நாள் கணக்கில் உட்கார்ந்து நிறமெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது.

மனிதர் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார். முடிந்த பிறகும் எதையோ எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா, ஒரு மொயலுகூட வராத படத்துக்கா இம்மாம் பெரிய கம்ப்யூட்டரு?"

நடுவழியில் நம்பர் ஒன்

மூலக்குளத்தில் மனை விற்கிற ஒருவர் வந்தார். அந்தச் சாலையில் மனை விற்பவர்கள் வருடா வருடம் எவ்வளவு விற்றார்கள் என்று கட்டைகள் ஒன்றையொன்று முந்துகிற மாதிரி ஓட்டப்பந்தயம் வேண்டும் என்றார். செய்தேன். ஒரு வருடம் அவர் இரண்டாவது இடம். அடுத்த வருடமும் இரண்டாவது இடம். முன்பு முதலில் இருந்தவர் படுத்துவிட்டார், கடைசியில் இருந்தவர் எழுந்து முதலிடத்துக்குப் போய்விட்டார். இவர் எந்த வருடமும் முதலிடம் வந்ததே இல்லை.

இங்கேதான் விவகாரம். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவில் எண் எதுவும் கிடையாது. கட்டைகள் வெட்டிவெட்டிக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக அந்த இடைவெளியைக் கம்ப்யூட்டரே ஒப்புக்கு நிரப்பும். அப்படி ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுகிற சந்தில், கண் சிமிட்டும் நேரம், இவர் கட்டை மேலே நின்றுவிட்டது. மனிதர் அந்த நொடியில் படத்தை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்துவிட்டார். போட்டிக்காரர் நேராக என் மாடிக்கு வந்து கத்தினார். நான் இவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அப்படி ஒரு காலமே கிடையாது, எந்த மாதத்தில் நீங்கள் முதலிடம், சொல்லுங்கள் என்றேன். அவர் துளியும் அசரவில்லை.

"படத்துல வந்துச்சா இல்லியா மேடம்? வந்துச்சுல்ல? அப்ப நான் நம்பர் ஒன்னுதான்."

கரண்ட் போனபோது

வீடியோ என்றால் நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து ஒன்றோடொன்று தைப்பது. கடைசிப் படம் தைத்து முடிப்பதற்குள் கரண்ட் போனால் கோப்பு திறக்காது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யூபிஎஸ் இல்லையா என்று கேட்காதீர்கள், அது என்னைவிடச் சோர்ந்து போனது. டியூஷன் சென்டர் நடத்துகிற ஒருவருக்குத் தேர்ச்சி விகிதம் ஓடுகிற படம். அவர் வந்து நாற்காலியில் உட்காரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. நடந்ததை விளக்கினேன். எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டினார்.

"பரவால்ல, பாதி வந்திருக்கும்ல? பாஸான பசங்க இருக்கிற பாதிய மட்டும் குடுங்க."

மறைய வேண்டிய புள்ளிகள்

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். பாதுகாப்பு வாரத்துக்குப் படம் வேண்டும் என்று அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். தொழிற்சாலையின் வரைபடம், அதில் எங்கெங்கே எப்போது அடிபட்டது என்ற விவரம், எல்லாம் கொடுத்தார். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. படத்தை ஓடவிட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த புள்ளிகள், போகப் போக தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரே ஒரு பிரஸ் மிஷினைச் சுற்றிக் குவிந்துகொண்டே போயின. கடைசியில் அந்த மிஷினே தெரியவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே, புள்ளி வந்த உடனே மறைந்துவிடுகிற மாதிரிச் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், கட்டளையில் ஒரே வரி மாற்றினால் போதும். ஒன்று வந்து மறைந்த பிறகு அடுத்தது வரும், எதுவும் குவியாது, பார்க்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. "சார், புள்ளிய மறைக்கிறதுக்குப் பதிலா அந்த மிஷின மாத்துங்களேன்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம், அல்லாம் வெரலுதான், ஆளு ஒண்ணும் போவல."

கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

சட்டமும் கூடவே இறங்கட்டும்

இப்போது அக்கா ஊர்க் கதை. கேன் தண்ணீர் நிரப்பி விற்கிற ஒரு கம்பெனி, அந்த ஊர் எல்லையில் இன்னும் ஆழமாகப் புதிய போர்வெல்கள் போட அனுமதி கேட்டிருந்தது. ஏற்கெனவே அங்கே போரில் வருவது உப்புத் தண்ணீர். அக்கா வீட்டில் பருப்பு வேகாது. குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்துபோகும், பருப்பு கல் மாதிரி நிற்கும். குழம்பு வைக்கக்கூட கேன் வாங்குகிறாள். கம்பெனி இன்னும் உறிஞ்சினால் அந்த உப்புத் தண்ணீரும் போய்விடும் என்று ஊரே பயந்து கிடந்தது. ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். கடந்த வருடங்களின் நீர்மட்டத்தையும் அந்தக் கூட்டத்தில் காட்ட வேண்டும். அதைப் படமாகச் செய்யத்தான் கம்பெனியின் கன்சல்டன்ட் என் மாடிக்கு வந்தார். முடியாது என்று துரத்தியிருக்கலாம். துரத்தினால் இன்னொருவரிடம் போவார், அவர் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொடுப்பார். அதனால் நானே வாங்கிக்கொண்டேன்.

கோடு கொஞ்ச வருடம் சமமாக ஓடியது, ஒரு நல்ல மழை வருடத்தில் துள்ளி மேலே போனது, அதற்கப்புறம் படிப்படியாக இறங்கியது. கன்சல்டன்ட் பார்த்தார். கோடு இறங்க இறங்க, அதைச் சுற்றி அளவு எண்களோடு இருக்கும் சட்டமும் கூடவே இறங்கட்டும் என்றார். விஷயம் தெரிந்த ஆள். அப்படிச் செய்தால் ஓரத்தில் இருக்கும் எண்கள் மட்டும் மாறும், கோடு திரையில் இருந்த இடத்திலேயே இருக்கும். மண்டபத்தில் உட்கார்ந்து ஓரத்து எண்ணை யார் படிக்கப்போகிறார்கள்? எனக்கு உச்சிமண்டை சூடேறிவிட்டது. சட்டம் நகராது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, கோடும் இறங்கும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார். கன்சல்டன்ட் மட்டும் சிரித்தார்.

"சரி மேடம், படம் உங்க இஷ்டப்படியே இருக்கட்டும், பட்டன் என் கையிலதான இருக்கப்போவுது?"

மண்டபத்தில்

கன்சல்டன்ட் சொன்னதன் அர்த்தம் கூட்டத்தன்றுதான் எனக்கு விளங்கியது. கல்யாண மண்டபம் நிறைய ஜனம். நானும் அக்காவும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைத் துணியில் என் கோடு ஓடியது. மழை வருடத்தில் உச்சிக்குப் போய் நின்றதோ இல்லையோ, மனிதர் படத்தை நிறுத்திவிட்டார். "பாத்தீங்களா, மழை பெய்ஞ்சா தண்ணி தானா மேல வந்துடும், பயப்பட ஒண்ணுமே இல்ல" என்று பேச ஆரம்பித்தார். மேடையில் அதிகாரி அதைக் குறித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். "சார், படம் முடியல, மீதியப் போடுங்க" என்றேன். "அது டெக்னிக்கல் விஷயம்மா, உக்காருங்க" என்றார் கன்சல்டன்ட். அந்தப் படத்தைச் செய்தவளிடம்!

அக்கா எழுந்து திரையின் அடியைக் கைகாட்டினாள். "இன்னா சார், பாதியிலயே நிறுத்திட்ட? அடியில அந்தக் கோடு இன்னும் பாதி கீதே, ஓடவுடு!" என்றாள். வீடியோவுக்கு அடியில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோட்டைத்தான் சொன்னாள். போனில் சீரியல் பார்க்கிற ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்னாலிருந்து ஒருவர் "ஆமா, ஓடவுடு" என்றார், அப்புறம் மண்டபம் முழுக்க அதையே சொன்னது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "போடுங்க" என்றார்.

கோடு இறங்கியது. சட்டம் நின்ற இடத்தில் நின்றது. புது அறிக்கையோடு வாருங்கள், இன்றைக்கு அனுமதி இல்லை என்றார் அதிகாரி. 'இன்றைக்கு' என்று ஏன் சொன்னார் என்று எனக்குக் கோபம் வந்தது. லேப்டாப்பை மூட வந்த கன்சல்டன்ட் என் பக்கம் குனிந்து, "மழை வருஷத்தோட படத்த முடிச்சிருந்தீங்கன்னா அல்லாருக்கும் நல்லதா போயிருக்கும் மேடம்" என்றார். நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் இன்னும் திரையில்தான் இருந்தது. கோடு இந்த வருடத்துக்கு வந்து, சட்டத்தின் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. எண் இருக்கிற வரைக்கும்தான் என்னால் அதை ஓட்ட முடியும்.

"ஏன்டி ஜெனி, இங்க வந்து நின்னுடுச்சே, இதுக்கப்பறம் இன்னா ஆவும்?"

கோடு ஓடுவதற்கு நாலு வரி எழுதினால் போதும், கம்பெனி மோட்டார் நிற்பதற்கு மட்டும் எந்த லைப்ரரியிலும் எவரும் இன்னும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.