வெறும் வானில் ஒரு பஸ் சனம்

கதிராமன் அண்ணன் ஓட்டுவது பிரேத வான். இறுதிச் சடங்குகளைப் பொறுப்பெடுக்கும் நகரத்து மலர்ச்சாலை ஒன்றுக்குச் சொந்தமானது. அதை அவர் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. திருகோணமலை கண்டி வீதியில், கப்பல்துறைக்குக் கிட்ட, வாகன வயரிங் கடை வைத்திருக்கிறேன். வயரிங் பார்க்க வந்து நின்ற ஆட்டோக்காரர் இரண்டு பேர், "பிறகு வாறம் ஹஸ்மி" என்று நழுவிவிட்டார்கள்.

"அண்ணன், என்ர வியாபாரத்தைக் கெடுக்கவோ வந்தனீங்கள்? கொண்டுபோய்ப் பின்பக்கம் விடுங்கோ."

மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விட்டார். அவருக்கு அது பழகிப்போன விஷயம். அந்த வானைச் சும்மா ஒரு வீட்டு வாசலில் நிறுத்த எவர் விடுவார்? தான் தனியாக வாடகைக்கு இருக்கும் அறைக்குக்கூட அதைக் கொண்டுபோக மாட்டார். மலர்ச்சாலையில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போவார். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டாத மனுசன். மழை வருமோ வராதோ என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு எம்.பி. திரீ பிளேயரை எடுத்து நீட்டினார்.

"கம்பனி ரேடியோவைக் கழட்டக் கூடாதாம், முதலாளி சொல்லிப்போட்டார். இதை அதில கொழுவ ஏலுமோ தம்பி?"

ஜப்பானிலிருந்து வந்த வான். அந்த ரேடியோவில் நம்முடைய நிலையங்கள் பாதிக்குமேல் பிடிக்காது. வெளியிலிருந்து பாட்டுக் கொடுக்க முன்பக்கம் துளையும் இல்லை. ஆனால் பின்னால், சீடி மாற்றும் பெட்டி ஒன்றைப் பூட்டுவதற்கென்று விட்ட சொக்கட் இருக்கும். அதில் சரியான வயரைக் கொடுத்து, பெட்டி வந்துவிட்டது என்று ரேடியோவை ஏமாற்றிவிட்டால், பிளேயரின் சத்தத்தை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். பிளேயரின் பற்றரி நிற்பதில்லை என்று அவர் சொன்னதால், சாவியைத் திருப்பினால் அதற்கும் கரண்ட் வருகிற மாதிரி இழுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்து, சரிபார்க்கத் திருப்பினால், பாட்டு வரவில்லை. ஒரு பஸ் வந்தது.

எஞ்சின் உறுமல். "இறக்கக்கண்டி, இறக்கக்கண்டி! முன்னுக்குப் போங்கோ!" என்று கொண்டக்டரின் கத்தல். மீன் பெட்டித் தண்ணீர் தன் சீலையில் வடிகிறதென்று ஒரு பெண்ணின் ஏச்சு. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. இரண்டு பேர் யாருடைய மகளுக்கோ வந்த சம்பந்தத்தை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன அண்ணன் விசர்க் கதை? பாட்டு எங்க?"

"பாட்டு என்னத்துக்குத் தம்பி? பாட்டுப் பாடுறவன் என்னோடயோ கதைக்கிறான்?" என்றார்.

அவர் குச்சவெளி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். கிடைத்த வேலை இதுதான். லீவு நாளில் பழைய வழியில் போகும் பஸ்ஸில் ஏறி, நடு இருக்கையில் இருந்து, பையிலிருக்கும் பிளேயரில் சனத்தின் கதையைப் பதிந்துகொண்டு வருவாராம். தன் குரல் குறுக்கே விழுந்துவிடும் என்று வாயே திறக்கமாட்டாராம்.

"போகேக்க பிரேதத்தோட சொந்தக்காரர் இருப்பினம். திரும்பி வரேக்கதான் ஒருத்தரும் இல்லை. பஸ்ஸெண்டு நினைச்சுக் கை காட்டுற சனம், கிட்ட வந்ததும் கையைக் கீழ போட்டிடும்."

வயரை ஒழுங்காகச் செருகுங்கள், இழுக்காதீர்கள் என்று தேவையில்லாத புத்தி நாலு சொல்லி அனுப்பினேன்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை சொல்லாமலே வானைப் பின்பக்கம் விட்டார். ஒரு சுவிச்சுப் போட வேண்டுமாம். ஏனென்று கேட்டபோது நடந்ததைச் சொன்னார்.

வெருகலைச் சேர்ந்த ராசமலர் என்ற அம்மாவின் கணவர் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஒரே மகள் வெளிநாட்டில். பிரேதத்தோடு வர அந்த அம்மாவைத் தவிர ஆளில்லை. பிரேதத்தை ஏற்றி, அவரை முன்னால் இருத்தி, கதிராமன் அண்ணன் சாவியைத் திருப்பியிருக்கிறார். முதல்நாள் பிளேயரைக் கழற்ற மறந்துபோனதால், விட்ட இடத்திலிருந்து அது தொடங்கிவிட்டது.

"ஏறுங்கோ, ஏறுங்கோ! இடமிருக்கு, ஏறுங்கோ!"

ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். வேலை போனதென்று நினைத்து அவர் வயரைப் பிடுங்கக் கை நீட்டியபோது, அந்த அம்மா தடுத்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணன். அவருக்குச் சனமெண்டா உயிர். இப்ப ஒருத்தரும் இல்லாமப் போறார். இதாவது கூட வரட்டும்."

கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல்வரைக்கும் குச்சவெளிச் சனம் கதைத்துக்கொண்டே போயிருக்கிறது. இடையில் அந்த அம்மா, "ஆர் இந்த மனுசி, இப்பிடி ஏசுது?" என்று கேட்டார். இவர் சொன்னார். அந்த மனுசியின் கருவாட்டு வியாபாரம், மூத்த மகனின் குடி, பஸ்ஸில் மறந்துவிட்டுப்போன குடைகள் எல்லாவற்றையும் சொன்னார். அழுத முகத்தோடு அந்த அம்மா ஒருதரம் சிரித்தும்விட்டாராம். முன் இருக்கையில் இருந்து தன்னோடு கதைத்த முதல் ஆள் அவர்தான் என்று கதிராமன் அண்ணன் என்னிடம் சொன்னார்.

செத்த வீட்டு வழக்கம் தெரியும்தானே. வருகிறவரை "வாங்கோ" என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் "போயிட்டு வாறன்" என்று சொல்வதில்லை. வாய் திறக்காமல் எழும்பிப் போய்விட வேண்டும். மற்றவர்களுக்கு அது எப்போதாவது ஒரு நாள். இவர் போகிற வீடெல்லாமே செத்த வீடு. பிரேதத்தை இறக்கிவிட்டு அவர் திரும்பியபோது அந்த அம்மா பின்னால் வந்து, "முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்குக் கட்டாயம் வரவேணும். நீங்களும் அவரோட வந்த ஆள்" என்றாராம்.

வானில் போகவில்லை. வெள்ளை வேட்டி உடுத்தி, பஸ் ஏறிப் போயிருக்கிறார். பையில் வழக்கம்போலப் பிளேயர் பதிந்துகொண்டிருந்திருக்கிறது. வாழையிலையில் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த கிழவரோடு வயல் விதைப்பைப் பற்றிக் கதைத்தார். கிரியை முடிந்துவிட்டதால் இனிப் போய்வருகிற பேச்சுக்குத் தடையில்லை. படலைவரை வந்து வழியனுப்பிவிட்டார்கள்.

"கேளுங்கோ தம்பி" என்று பிளேயரின் பொத்தானை அழுத்தினார்.

பாத்திரச் சத்தம், காகம், பிள்ளைகளின் கூச்சல். அதற்குள் ஒரு பெண்குரல்: "போயிட்டு வாங்கோ அண்ணன்." பிறகு கதிராமன் அண்ணனின் குரல்: "ஓம், வாறன்."

"இந்தத் துண்டை மட்டும் வெட்டித் தாங்கோ. பிரேதம் இருக்கேக்க வரக் கூடாது. வெறும் வானில நான் சுவிச்சை அமத்தினா மட்டும் வரவேணும்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன் அண்ணன் இந்தப் பாடு? வெருகல் என்ன கடலுக்கு அங்காலயோ? பஸ் ஏறிப் போய்ப் பார்த்திட்டு வாங்கோவன்!"

"என்ன சாட்டில போறது தம்பி? தனிச்ச ஆம்பிளை நான். தனிச்ச மனுசி அவ. ஊர் சும்மா விடுமோ? அந்தியேட்டியும் முடிஞ்சுது. இனி அந்த வீட்டில எனக்கு வேலையில்லை."

கடைக்குள் போய்க் கொம்பியூட்டரில் போட்டு அந்தத் துண்டை வெட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துச் சுவிச்சைப் பூட்டினேன். சத்தம் பார்ப்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறி இருந்தேன். அவர் சுவிச்சை அழுத்தினார்.

"போயிட்டு வாங்கோ அண்ணன்." "ஓம், வாறன்."

"சரிதானே அண்ணன்?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அவ சொல்லுறதோட நிப்பாட்டிவிடுங்கோ தம்பி. என்ர குரல் அதில வேண்டாம். அதை நான் சொல்லிக்கொள்ளுவன்."