பூட்டு விழுந்த கிணறு

செண்பகவல்லிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். கொத்தனார் வேலைக்கு வந்த புருஷனோடு திருவனந்தபுரத்தில் எங்கள் சந்துக்குக் குடிவந்தபோது அவளுக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ரெஜி வீட்டுக் கிணற்றில்தான் சந்து முழுவதும் தண்ணீர் கோரும். அங்கேதான் பக்கத்து வீட்டுப் பிரேமா சேச்சி அவளுக்குப் பழக்கமானாள். செண்பகவல்லி பிள்ளை பெற்றபோது, தாய் இல்லாத குறை தெரியாமல், புளியிலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் அவளைத் தினமும் குளிப்பாட்டிவிட்டது அந்த மகராசிதான்.

பிறகு சந்துக்குப் பின்னால் அடுக்குமாடி வந்தது. அடி காணாத ஆழத்துக்குக் குழாய்க் கிணறு போட்டார்கள். மொட்டை மாடியில் நீச்சல் குளம். எங்கள் கிணற்றில் சேறு தெரிந்தது. ரெஜி மூடி போட்டுப் பூட்டினான். காலையில் திறப்பான், வீட்டுக்கு இரண்டு குடம். கிணற்றடியில் சிரிப்பும் நின்றது. யார் குடம் பெரிசு என்பதுதான் பேச்சு.

இந்த மாசியில் பிரேமாவின் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். அவளைத் தன் கையால் குளிப்பாட்ட வேண்டும் என்று செண்பகவல்லிக்கு ஒரே ஆசை. தன் பங்கில் ஒரு குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு, புளியிலை பறித்துக்கொண்டு வந்து, அடுத்த குடத்தைக் கோரினாள். பிரேமா பார்த்துவிட்டாள்.

"நீ காலத்தே கொண்டுபோயில்லே? பின்னேயும் மோஷணமோ? இந்தப் பாண்டிகளு வந்து கேறினப்பம்தான் நம்முடெ வெள்ளம் தீர்ந்நது!"

காலையில் கொண்டுபோனவள் மறுபடியும் திருடுகிறாளாம், பாண்டிகள் வந்தேறித்தான் தண்ணீர் தீர்ந்ததாம். 'பாண்டி' என்று தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. வெட்கக்கேடு, ஒருவரும் தடுக்கவில்லை. மாடிக் குளத்தை நோக்கிக் கத்த எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. கைக்கு எட்டியது செண்பகவல்லிதான்.

"திருடல சேச்சி. இது எம் பங்கு. ஒங்க மக குளிக்கதுக்குத்தான் கோருனேன்" என்றாள். குடத்தைப் பிரேமாவின் வாசலில் இறக்கி, புளியிலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவளுக்கு வேலை அந்த அடுக்குமாடியில். அன்று குளத்துத் தண்ணீர் மாற்றும் நாள். பழைய தண்ணீர் முழுவதும் ஓடையில் போனபிறகு, உள்ளே இறங்கித் தரையைத் தேய்த்தாள். குழாயைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிறைகிறவரை காவல் இருந்தாள்.

சாயங்காலம் திரும்பியபோது குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. புளியிலை வாடிக் கிடந்தது. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.