ஆளுக்காக நின்ற நேரம்

சிவில் எஞ்சினீயரிங் படிக்கிற எல்லாருக்கும் கடைசி வருஷம் ஒரு கிறுக்கு பிடிக்கும். எனக்குப் பிடித்தது சிஸ்டம்ஸ். ஆற்றையும் பாலத்தையும் மட்டும் பார்க்காதே, எது எதோடு பின்னிக் கிடக்கிறது என்று பார் என்று சொல்லிக்கொடுக்கும் பாடம். நாலு கிளாஸ் கேட்டதும் உலகமே என் லேப்டாப்புக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வாய் வேறு எனக்குக் கொஞ்சம் நீளம்.

புராஜெக்டுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவை எடுத்தேன். அப்பாவின் மொத்தவிலைக் கடை அங்கேதான். காலையில் மிளகாய், வெங்காய லாரிகள் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசல் எதனால் என்று கம்ப்யூட்டரில் மாடல் செய்து காட்டுவது திட்டம். என்னோடு சேர்ந்தவள் போனக்காடு எஸ்டேட்டுக்காரி. அம்மா இன்னும் தேயிலை கிள்ளுகிறாள். நல்ல புராஜெக்ட் செய்த ஒருவரை எங்கள் சார் ஆராய்ச்சி உதவியாளராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதில் சேர்ந்தால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் கிடைத்த சைட்டுக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். அந்த இடம் அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. எனக்குக் கடை இருந்தது, வீடு இருந்தது.

ஒரு வாரம் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். லாரி வந்த நேரம், போன நேரம் இரண்டையும் குறிக்கச் சொன்னேன். அவள் நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தாள். தலைப்பு, ‘ஆளுக்காக நின்ற நேரம்’.

“இது எதுக்குடீ?” என்றேன்.

“லாரி வந்துருது. இறக்க ஆள் வரலையே. அந்த நேரம்தான் ஜாஸ்தி, கேட்டியா.”

“அது எப்பவும் உள்ளதுதானே. தெரு அகலம்தான் பிரச்சினை. நான் பொறந்து வளர்ந்த தெருவ எனக்கே சொல்லித் தரியா?”

அவள் அடுத்த லாரிக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பினாள். மாடலில் ஏற்றும்போது அந்தக் கட்டத்தை நானே நீக்கினேன்.

அங்கே சரக்கு இறக்குவது லோடிங்காரர்கள் மட்டும்தான். அந்தப் பகுதிக்கென்று ஒரு யூனியன் கூட்டம் உண்டு, நீலச் சட்டை. டிரைவரோ கடைக்காரரோ மூட்டையில் கைவைக்க முடியாது. ஒரு லாரியை முடித்து, டீ குடித்து, அடுத்ததற்கு வருவார்கள். சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டில் காலைப் பலகாரத்தோடு கேட்கிற பேச்சே “லாரி வந்தாச்சு, ஆள் வரல்லே” என்பதுதான். மழை மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. மழையை யார் மாடலில் போடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். மழையையும் கணக்கில் எடுக்கவேண்டிய சிவில் படிக்கிறவளுக்கு இது அசட்டுத்தனத்தின் உச்சம்.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்கள் அட்டவணையில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். லாரி ஏழு பத்துக்கு வந்திருக்கிறது. முன்னால் வேறு வண்டியே இல்லை. ஒன்பது மணிவரை நின்றிருக்கிறது. “தெரு காலி. பின்னே ஏன் நிக்குது?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“டேட்டா எரர் சார்” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நோட்டு அவள் மடியில்தான் இருந்தது.

“இறக்க ஆளுக்காக நின்ன நேரம் எடுக்கலையா?” என்றார் அவர்.

“எடுத்தோம் சார். வேண்டாம்னு விட்டுட்டோம்” என்றாள் அவள்.

“யாரோட முடிவு?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான்.”

அந்த இடத்தில் நான் பேசியிருக்கவேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன். எத்தனை பேரை எடுத்தெறிந்து பேசிய வாய் அது, வெட்கக்கேடு.

ஆராய்ச்சி இடம் வேறொரு குழுவில் ஒருவருக்குப் போனது. பஸ் ஸ்டாப்பில் அவளிடம் ஸாரி என்று ஆரம்பித்தேன். “ஸாரமில்ல, பரவால்ல விடு” என்று கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அந்த மாதமே வடக்கே ஒரு பாலம் கட்டுகிற சைட்டில் சேர்ந்தாள்.

மனசு கேட்கவில்லை. மாடலில் ஏற்ற என் போனில் பிடித்து வைத்திருந்த அவள் நோட்டின் போட்டோக்களை எடுத்து, அந்தக் கட்டத்தைச் சேர்த்து மாடலை மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு காலையும் அப்படியே பொருந்தியது. தெருவை அகலமாக்கினால் நெரிசல் குறையவே இல்லை. இறக்குகிற ஆளுக்கு ஏற்ப லாரிகள் நேரம் பிரித்து வந்தால் போதும், தெரு தானே காலியாகிறது. கண்டுபிடித்தது அவள், நீக்கியது நான் என்று எழுதி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இத அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக் குட்டிக்கு இடம் குடுத்திருப்பேனே” என்றார்.

அதை அவளுக்கும் அனுப்பினேன், சார் சொன்னது உள்பட. சாயங்காலம் பதில் வந்தது.

“அன்னைக்கு ஏன் சொல்லலே?”

என்னென்னவோ எழுதி அழித்தேன். கடைசியில் “பயந்துட்டேன்” என்று மட்டும் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீல டிக் விழுந்தது.