பதினெட்டில் நின்ற முள்

டாக்சிக்காரர்களுக்கு அவள் மீட்டரக்கா. கழுத்தில் எப்போதும், இஞ்சினின் உறிஞ்சுவிசையை முள்ளால் காட்டும் ஒரு வேக்குவம் மீட்டர் தொங்கும். அவள் இறந்து ஏழு மாதமாகிறது. இன்னும் சிலர் பழக்கதோஷத்தில் மூடிய ஒர்க்‌ஷாப் ஷட்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் சேர்ந்தது சீட் உறை தைக்க. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எந்த வண்டி எங்கே காற்றை இழுக்கிறது என்று காதால் கண்டுபிடித்துச் சொல்லப்போக, ஒரே வருஷத்தில் ஊசியை வைத்துவிட்டு ஸ்பானரை எடுக்க வேண்டியதாயிற்று. கணவர் காலமான பிறகு ஒர்க்‌ஷாப்பும் மகளும்தான். மகள் என்ஜினியராகி, தொலைவில் ஒரு நகரத்தில், வண்டிப் புகையைச் சோதிக்கும் கூடத்தில் வேலைக்குப் போய்விட்டாள்.

போனில் பேசினால் இரண்டு நிமிஷம். சாப்பிட்டியா, தூங்கினியா, சரி வைக்கிறேன். ஒருநாள் தற்செயலாக அக்கா ஒரு வண்டியின் கோளாறைச் சொன்னாள். பேச்சு முப்பத்தைந்து நிமிஷம் நீண்டது. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து பாத்திரம் கறுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தலையில் தொப்பியில்லாமல் யாரும் பார்த்திராத ஒரு டிரைவர், தொப்பிக்காரர் என்பார்கள், தன் பழைய டாக்சியைக் கொண்டுவந்தார்.

"சிக்னல்ல நின்னா குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குதுக்கா. அப்புறம் படுத்துடுது. பின்னாடி உக்காந்தவங்க என்னப் பாத்துப் பாவப்படறாங்க."

புகையில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் அனுப்ப ஒரு வால்வு உண்டு. ஈ.ஜி.ஆர். என்பார்கள். வேக்குவம் இழுத்தால் திறக்கும். வண்டி ஓடும்போது திறக்கலாம். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும்போது, ஐட்லிங்கில், திறந்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். அக்கா வால்வுக்குப் போகும் ரப்பர் ஓஸைக் கழற்றி மீட்டரில் மாட்டினாள். பூஜ்யத்தில் கிடக்க வேண்டிய முள் பதினெட்டில் நின்றது. யாரோ இரண்டு ஓஸை இடம் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

ஓஸில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"பாக்கணும். விட்டுட்டுப் போங்க."

"எத்தன நாளாகும்?"

"வேக்குவம் சமாச்சாரம். கண்ணுக்குத் தெரியுமா என்ன?"

அன்று மாலை மகளைக் கூப்பிட்டு, வண்டி நடுங்குவதை மட்டும் சொன்னாள்.

"வால்வு டயாஃப்ரம் சவ்வு ஓட்டையா இருக்கப்போகுது. கைப்பம்ப் வச்சு இழு. முள்ளு இறங்காம நிக்குதான்னு பாரு."

"நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை, முள் இறங்கவில்லை, ஓட்டை இல்லை என்றாள் அக்கா. "அப்ப கரி புடிச்சு வால்வு முழுசா மூடாம நிக்குதோ என்னவோ," என்றாள் மகள். புதன்கிழமை, கரி இல்லை என்றாள். மாத்திரை மாதிரி ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே மகள் மாடிவீட்டுக்காரர் நடுராத்திரியில் நாற்காலி இழுப்பதைச் சொன்னாள், தலைமுடி கொட்டுவதைச் சொன்னாள், வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்ததைச் சொன்னாள். சாப்பிட்டியா என்ற கேள்விக்கு இதெல்லாம் ஒருநாளும் பதிலாக வந்ததில்லை.

வியாழக்கிழமை தொப்பிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டி இருக்கா, வித்துட்டீங்களா?"

"வாங்க ஆள் கெடைக்கல."

"பஸ்ல போறேங்க்கா. டிரைவர் பஸ்ல வந்து இறங்கறதப் பாக்க என் பொண்டாட்டி பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிடறா."

அக்கா சிரிக்கவில்லை.

அன்று மாலை மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சரி, நாளைக்கு வால்வு ஓஸ்ல மீட்டர மாட்டி, ஐட்லிங்ல எவ்ளோ காட்டுதுன்னு..."

"பதினெட்டு."

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

"இப்ப எங்கம்மா இருக்க?"

"வீட்ல."

"எப்ப பாத்த?"

"திங்கக்கிழம."

"பதினெட்டுன்னா ஓஸ் மாறியிருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது."

"அந்த மனுஷன் நாலு நாளா வண்டியில்லாம அலையறாரும்மா."

"ஆமா."

ஏன் என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவிடம் பதில் இருந்தது. சொல்லும் துணிச்சல்தான் இல்லை.

"காலைல குடுத்துடு," என்றாள் மகள். "வண்டி இருந்தாத்தான் கூப்பிடணும்னு இல்ல. சும்மாவே கூப்பிடு."

வெள்ளிக்கிழமை தொப்பிக்காரரின் கண்ணெதிரே இரண்டு நிமிஷத்தில் ஓஸை மாற்றினாள். இஞ்சின் பூனை மாதிரி அடங்கியது.

"இதுக்கா நாலு நாளு?"

"என் தப்புதான்."

"சண்ட போடணும்னுதான் வந்தேன். இப்படிச் சொல்லி அதையும் கெடுத்துட்டீங்களே."

சனிக்கிழமை சும்மா கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"சும்மாதான்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

மகள்தான் வைக்கவா என்று கேட்டாள். நாற்பது விநாடி என்று திரை காட்டியது. அக்கா திரை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் ஏற்கெனவே மடித்துவைத்த துணியை மறுபடி மடித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளி வேன் வந்தது. வேக்குவம் ஓஸில் வெடிப்பு. பத்து நிமிஷத்தில் புது ஓஸ் போட்டாள். பிள்ளைகளை ஏற்ற வேன் போய்விட்டது. கை கழுவினாள். மாலையாகட்டும் என்று காத்திருந்தாள்.

"ஒரு வேன் வந்திருக்குடி. மேடு ஏறும்போது இஞ்சின் டக்டக்குன்னு தட்டுது. என்னன்னு புடிபடல."

மறுமுனையில் மகள் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஓஸ்ல எங்கயாவது வெடிப்பு இருக்கான்னு பாத்தியா?"

"இன்னும் பாக்கல. நாளைக்குப் பாக்கறேன்."

"மெதுவாவே பாரும்மா," என்றாள் மகள். வேன் இப்போது எங்கே நிற்கிறது என்று அவள் கேட்கவில்லை.