துரை பங்களா வேலியும் இருபத்துநாலு தகரமும்

துரை பங்களாவில் தோட்டக்காரன் வேலை என்றால் நாள் முழுக்க ரோசாப்பூவை முகர்ந்துகொண்டு திரியலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒரே ஒரு நாள் வேலியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் சவரிமுத்து. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் பங்களாவில் செடிகொடி பார்த்து வருகிறேன். பங்களாப் புல்தரைக்குக் கீழேதான் எங்கள் லயம். வரிசையாக எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, எல்லாருக்கும் ஒரே பைப்பு. இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக்காரன் காலத்துச் சைப்ரஸ் வேலி, ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது. அடுத்தவர் வீட்டு அழகுக்காக இடுப்பொடிந்தவர்களுக்கு மற்றதெல்லாம் சொல்லாமலே புரியும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காம்பராக் கூரை மூன்று வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. என் மனைவி ஆரோக்கியத்துக்கு இழுப்பு நோய். ஈரத் தரையில் படுத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருக்கும். தகரம் கேட்டு ஆபீசுக்கு நடந்ததில் என் செருப்புதான் தேய்ந்தது.

வேலி பழுத்தது

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் வேலியில் அங்கங்கே பழுப்பு விழுந்தது. கிளையை விலக்கிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் பொடிப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. கை வைத்தால் பிசுபிசுப்பு, அதை நக்க எறும்புக் கூட்டம். ஒரு மாதத்தில் பாதி வேலி காய்ந்துவிட்டது.

துரையின் சம்சாரம் துரைசாணியிடம் பூச்சியைப் பிடித்துக் காட்டினேன். அந்த அம்மா பூச்சியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். பூச்சிக்குச் சம்பளம் இல்லை, எனக்குத்தானே சம்பளம். கடைசியில் கேட்டார்: "சவரி, நீ வேலிக்குத் தண்ணி ஊத்துறியா, தேத்தண்ணி ஊத்துறியா?"

நிபுணர் வந்தார்

நுவரெலியாவிலிருந்து விவசாயப் போதனாசிரியர் ஒருவரைத் துரை ஜீப்பில் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். வேலியை ஒரு சுற்றுச் சுற்றினார், கிளையை ஒடித்து முகர்ந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பங்களாச் சமையல்காரர் அப்பு போட்டுக்கொடுத்த முட்டை ரொட்டியை நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஜீப்பில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, உருளைக்கிழங்கெண்டால் நான் உடன சொல்லிப்போடுவன். இது சாப்பிடுற சாமான் இல்லைத்தானே, எதுக்கும் சவுக்காரத் தண்ணியை அடிச்சுப் பாரும்."

துரையின் வைத்தியம்

சோப்புக் கரைத்து அடித்த அந்தச் சவுக்காரத் தண்ணிக்குப் பூச்சி கொஞ்சம் அடங்கத்தான் செய்தது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் பாதி வேலியாவது பிழைத்திருக்கும். துரைக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷம் தேயிலையில் ஊறியவர். தேயிலைக்கு என்ன சீக்கு வந்தாலும் கவ்வாத்துதான்: இலை ஒன்று விடாமல் வெட்டி மொட்டைக் கட்டையாக நிறுத்தினால் மூன்று மாதத்தில் குப்பென்று தளிர்க்கும். வேலிக்கும் அதையே போடச் சொன்னார்.

"தொர, சைப்ரஸ் மொட்டக் கட்டையில தளிர்க்காதுங்க" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொன்னால் எனக்கே கவ்வாத்து விழும். தேயிலை மலையிலிருந்து நான்கு பேர் கத்தியோடு வந்து அரை நாளில் வெட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். துரை மூன்று மாதம் காத்திருந்தார். நான்காம் மாதமும் காத்திருந்தார். கட்டைகள் கட்டைகளாகவே நின்றன. ஒரு காலையில் அவற்றைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நான் வெட்டச் சொன்னது சரிதான் சவரி. அது தேயிலையா இல்லாம போனதுதான் பிழை."

திடீரென்று முளைத்த லயம்

கட்டைகளைப் பிடுங்கியதும் புல்தரையில் நின்றால் எங்கள் லயம் முழுசாகத் தெரிந்தது. பறக்காமலிருக்கக் கல் வைத்த கூரை, ஓட்டைக்குச் செருகிய சாக்கு, பைப்படியில் குடத்தோடு சண்டை, எல்லாமே. எங்களுக்கும் பங்களா தெரிந்தது. ஆனால் அதை நாங்கள் புதிதாகப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வந்தார். வருஷம் தவறாமல் வந்து அதே புல்தரையில், அதே நாற்காலியில் தேத்தண்ணி குடிக்கிறவர். எங்கள் பக்கம் கை நீட்டி, "இந்த லயம் எப்ப கட்டினது?" என்றாராம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது என்றாராம் துரை. தட்டோடு பக்கத்தில் நின்ற அப்பு, பெரியவர் அடுத்துக் கேட்டதைக் குசினியில் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "அப்ப போன தடவ ஏன் இல்ல?"

தகரம் வந்தது

பத்தே நாளில் ஹட்டனிலிருந்து லொறி வந்தது. இருபத்துநாலு தகரம், பளபளவென்று புதுசு. பெரியவர் மனசு இளகிவிட்டதென்று லயமே கூடிவிட்டது. ஆரோக்கியம் அவசர அவசரமாகச் சட்டிபானைகளை ஒதுக்கி, ஏணி வைக்க இடம் செய்துவிட்டாள்.

துரை என்னைக் கூப்பிட்டு, வேலி இருந்த இடத்தில் கம்பு நட்டுத் தகரத்தை வரிசையாக அடிக்கச் சொன்னார். லயத்தை மறைக்கத்தானாம். பங்களாப் பக்கம் பச்சைப் பெயிண்டும் பூச வேண்டும். ஒவ்வொரு ஆணியாக நானே அடித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு என் பெருவிரல் நசுங்கியதுதான் மிச்சம். என் கூரைக்குத் தரக்கூடாதா என்று வாய் விட்டுக் கேட்டதில், புது வேலி நட்டு அது தோள் உயரம் வந்ததும் தகரத்தை நீயே எடுத்துக்கொள் என்றார் துரை. வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆரோக்கியம் ஒதுக்கிய சட்டிகளைத் திரும்ப ஒழுகும் இடங்களில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மழ அந்தப் பக்கந்தான் பெய்யுது போல. அதான் அங்க தகரம் அடிக்கிறாங்க."

வேலிக்கு வந்த வாழ்வு

மாதா கோயில் வளவில் நீலப்பூ பூத்து மஞ்சள் காய் காய்க்கிற செடி ஒன்று உண்டு. அதன் கிளைகளை வெட்டி வந்து நட்டேன். என் பங்குபோக மிஞ்சும் தகரம் பக்கத்துக் காம்பராவுக்கு என்று பேச்சு. மிச்ச ஆறு காம்பராக்காரர்களுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் எல்லாரும் மாட்டெரு கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிள்ளைகள் மாடு ஏறாமல் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். என் வாழ்நாளில் எந்தச் செடியும் அப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டரை வருஷத்தில் வேலி துரையின் தோளைத் தொட்டது. அவருக்கே ஆச்சரியம். தான் கொடுத்த வாக்கைச் சுத்தமாக மறந்துவிட்டு, என் தோளில் தட்டிக் கேட்டார்: "இந்த லயத்து ஆளுங்க தேயில மேல இவ்வளவு பாசம் வச்சதில்லையே சவரி, வேலி மேல மட்டும் ஏன்?"

கடைசியில் கூரை

ஞாபகப்படுத்தினேன். துரை முகம் கொஞ்சம் கோணியது, ஆனாலும் வாக்கு மாறவில்லை. தகரத்தைக் கழற்றி இரண்டு காம்பராவிலும் போட்டோம். ஊரிலேயே பச்சைக் கூரை எங்களுக்குத்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் மழை பிடித்தது. நான் அடித்து, நானே பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகளை எவனும் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. மறுநாளே தார் வைத்து அடைத்துவிட்டேன். ஆரோக்கியம் இப்போது ஈரமில்லாத தரையில் படுக்கிறாள், மூச்சும் பரவாயில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அண்ணாந்து பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை: "முன்ன கண்ட எடத்துல ஒழுகுச்சு. இப்ப வரிசையா ஒழுகுது. பங்களாத் தகரம்ல."

அந்த வேலியை இன்றைக்கும் நான்தான் வெட்டுகிறேன். லயத்தில் இன்னும் ஆறு காம்பராவுக்குத் தகரம் வரவில்லை என்பதால், ஒவ்வொரு காலையிலும் கிளையை விலக்கிப் பார்க்கிறேன், ஒரு பூச்சியாவது கண்ணில் படாதா என்று.