சோயா மெழுகில் ஒரு கலப்படம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அக்காவுக்கு வறட்டுப் பிடிவாதம் ஒன்று உண்டு. வீட்டில் அவர் வார்க்கும் மெழுகுவத்தியில் சோயா மெழுகு, திரி, கொஞ்சம் வாசனை எண்ணெய், அவ்வளவுதான். வேறு ஏதாவது சேர்த்தால் மேல்பக்கம் வழவழப்பாக வரும், வெள்ளைத் திட்டு பூக்காது என்று யார் சொன்னாலும் ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்: "கலப்படம்!"

ஊரே அவரை அக்கா என்றாலும் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பிதான். லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக அக்கா வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம். நாற்பத்திரண்டு வயதில் திடீரென்று ஒருநாள் பல்லை இளித்துக்கொண்டு வந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். பெண்ணுக்கு ரப்பர் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை. அக்கா வாழ்த்தினார். வாழ்த்திவிட்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த அடுப்பை அரைமணி நேரம் துடைத்தார். தம்பி வேறு வீட்டுக்குப் போகிறான், வருத்தம் இருக்காதா? அதற்காக அந்தப் பெண்ணையே பிடிக்காமல் போனதுதான் அநியாயம்.

அந்தப் பெண்ணோ மண்டப வாசலுக்கு அக்கா கையால் செய்த மெழுகுவத்திதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பது. சாண் உயரம். கிண்ணம் இல்லாமல் தானாக நிற்க வேண்டும். சோயா மெழுகு சாதுவான மெழுகு; கிண்ணத்துக்குள் ஒழுங்காக இருக்கும், வெளியே விட்டால் தொய்ந்துவிடும். முதல் பத்தும் மதிய வெக்கையில் தலை சாய்ந்தன.

"வர்றவங்களுக்கெல்லாம் இதுங்களே கும்பிடு போட்டுடும்" என்றார் அக்காவின் கணவர். அக்கா முறைத்தார். கல்யாணத்துக்கு எட்டே நாள்.

விஷயம் தம்பி வழியாகக் கசிந்து, அந்தப் பெண் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள்.

"ஸ்டியரிக் அமிலம், அண்ணி. மெழுகைக் கெட்டியாக்கும். நூறு கிராமுக்குப் பத்து கிராம் போதும்."

'கலப்படம்' நாக்கு நுனிவரை வந்தது. சாய்ந்த பத்தும் எதிரே நின்றதால் அக்கா அதை விழுங்கிவிட்டார்.

அவள் போனதும் உருக்கி வார்த்தார். அச்சிலிருந்து எடுத்தால் ஒவ்வொன்றும் உச்சி முதல் அடிவரை விரிசல். வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் செய்தார். வேலை முடிந்து நேராக வந்தவள் உடைசலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எவ்ளோ போட்டீங்க, அண்ணி?"

"முப்பது."

"முப்பதா!"

"கலப்படம்னு ஆயிடுச்சு. அப்புறம் என்ன கஞ்சத்தனம்?"

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு தினமும் சாயங்காலம் வந்தாள். அக்கா எடை போட, செதில் கரைந்து மெழுகு தெளியும்வரை அவள் கிளறினாள். நடுவில் தம்பியின் குறட்டையைப் பற்றி அக்கா எச்சரித்தார். ஐந்தாம் நாள் அவள் வரத் தாமதமானபோது, அக்கா இரண்டு தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது, வேறென்ன!

கல்யாணத்தன்று நாற்பதும் நெட்டுக்குத்தலாக நின்று எரிந்தன. கண்ணாடிக் கடை முதலாளி குனிந்து பார்த்து வியந்தார்.

"எல்லாம் நீயே செஞ்சதாம்மா?"

"இல்லீங்க" என்றார் அக்கா, மணப்பெண்ணின் தோளில் கைபோட்டு. "நானும் எங்க வீட்டுப் பொண்ணும்."